வாளியில் ஒரு வாய்க்கால்

திருவையாறு பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வகுப்பெடுத்தவர் பலகையில் ‘டியூட்டி ஆஃப் கேர்’, அதாவது அடுத்தவருக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ளும் கடமை, என்று எழுதிவிட்டு, 1928இல் ஸ்காட்லாந்தில் நடந்து பிறகு வழக்கான ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஒரு பெண்ணுக்கு அவள் தோழி ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுக்கிறாள். கொஞ்சம் குடித்தபின் மீதியை ஊற்றினால் பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாம். எங்கள் ஆயாக்கள் சிரித்துவிட்டார்கள். வயல் நத்தையை அலசிக் குழம்பு வைக்கிற ஊர் இது.

காசு கொடுத்தது தோழிதான். ஆனாலும் குடிக்கிறவளுக்குக் கெடுதல் வராமல் பார்ப்பது தயாரித்தவர் பொறுப்பு என்று 1932இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரபுக்கள் சபை சொன்னது. நோட்டில் எழுதிக்கொண்டேன். கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

சில வருஷம் கழித்து அந்தத் தாத்தா வந்தார். குறுவையும் சம்பாவுமாக வாழ்ந்தவர். இருபது வருஷச் சர்க்கரை. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தினேன். “எப்பதாம்மா தொடப்போறே?” என்றார். அதற்குள் நாலு இடத்தில் தொட்டு முடித்திருந்தேன்.

இல்லத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். சாயங்காலமானால் அதில் காலை நனைத்துக்கொண்டு நிற்க வேண்டும் அவருக்கு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் போனில், “அப்பாவை வெளியே விடாதீங்க சிஸ்டர்” என்றார். மாதாமாதம் பணம் கட்டுகிறவர். பின்கதவைப் பூட்டினேன். தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருநாள் ஆறு மணிக்குக் கிளம்பும்போது அவருடைய இடதுகால் சாக்ஸில் ஈரம் தெரிந்தது. பாத்ரூம் போய்வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரிப்போர்ட் நோட்டில் எழுதவில்லை, நைட் டியூட்டி அக்காவிடமும் சொல்லவில்லை. மறுநாள் எனக்கு வார விடுப்பு.

வந்து பார்த்தபோது கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. கீசரிலிருந்து வெந்நீர் பிடித்துக் காலை ஊறவைத்திருக்கிறார். “வாய்க்கால்லதான் விடமாட்டேங்கிறீங்க, வாளியிலயாவது நிப்போமேன்னுதான்” என்றார். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. கடைசியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. மகன் போனில் முதலில் கேட்டது, “வெளியே விட்டீங்களா?” இல்லை என்றேன். “சரி, நல்லது” என்றார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். காசு கொடுத்தவர் சொன்னபடி நடந்திருக்கிறேன். எனக்கு வந்த போனுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்ததே தவிர, கண்ணெதிரே இருந்த காலை ஒரு நிமிடம் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. பூட்டு போட்டது பாதுகாப்பு என்று நான் நம்பியதுதான் இதில் மோசம்.

புண் ஆறியதும் டாக்டரிடம் கேட்டேன். வெறுங்கால் கூடாது, காலை ஊறவைக்கக் கூடாது, செருப்போடு கொஞ்சம் நடக்கலாம் என்றார். பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம், சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. மகனிடமும் பேசினேன். சண்டை மாதிரிதான் ஆரம்பித்தது. அப்புறம், “நீங்க கூடவே இருப்பீங்கன்னா சரி” என்றார்.

அந்த வருஷம் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, எங்கள் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. கரையில் நாற்காலி போட்டு உட்கார்த்தினேன். ஒரு சொம்பில் மொண்டு கொடுத்தேன். கையில் ஊற்றி மோந்து பார்த்தார். “வண்டல் கம்மி” என்றார். காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். நான் பார்த்தேன். “தெரியும்மா, தெரியும்” என்று இழுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றி, விரல் இடுக்கெல்லாம் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நோட்டை எடுத்தேன். அன்றைக்கும் பஸ் போய்விட்டது.