வைவாவில் என்னை நிறுத்திய கேள்வி: கட்டுரையில் யார் பெயர் இருக்க வேண்டும்?

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் திருத்தங்கள் ஏற்கப்பட்டன என்ற கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. வைவா, அதாவது ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு, நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அன்று கிடைத்த முடிவு, பெரிய திருத்தங்களுடன் தேர்ச்சி. புள்ளியியலிலோ முறையியலிலோ தேர்வாளர்கள் பெரிய குறை எதுவும் சொல்லவில்லை. ஏட்டில் இணைத்திருந்த, முன்பே ஓர் ஆய்விதழில் வெளிவந்துவிட்ட கட்டுரையின் கட்டுரையாளர் பட்டியல்தான் என்னை அந்த நிலைக்குக் கொண்டுபோனது. கோலாலம்பூரில் இவ்வாண்டு வைவாவை எதிர்நோக்கியிருக்கும் நம் மாணவர்கள் சிலர் எதைப் படிப்பது என்று கேட்கிறார்கள். மற்றவற்றை உங்கள் மேற்பார்வையாளர் சொல்லித் தருவார் என்பதால் நான் இதை மட்டும் எழுதுகிறேன்.

செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் முதிய தமிழர்கள் நீரிழிவு நோயை வீட்டில் எவ்வாறு கவனித்துக்கொள்கிறார்கள் என்பதே என் ஆய்வு. வினாப்படிவத்தைத் தமிழாக்கியபோது ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் உதவினார். நாங்கள் அவரை டீச்சர் என்றே அழைப்போம். 'நீரிழிவு' என்று நான் எழுதியிருந்ததை, செந்தூலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று 'இனிப்பு நீர்' ஆக்கியவர் அவர். 'சுய பராமரிப்பு' என்ற சொல்லைக் கேட்ட பாட்டிகள், தாமே குளித்து உடுத்திக்கொள்வதைப் பற்றித்தான் கேட்கிறோம் என்று எண்ணிப் பதில் சொல்வதை முன்னோட்ட நேர்காணல்களில் கண்டுபிடித்தவரும் அவரே. நான்கு கேள்விகளை அவர் முழுமையாக மாற்றினார். விடைகளில் சிலவற்றை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்று என்னோடு அமர்ந்து விவாதித்தார். கட்டுரை வெளிவந்தபோது நன்றியுரையில் ஒரு வரி அவருக்குக் கிடைத்தது. மூன்றாவது கட்டுரையாளராக இடம்பெற்றவர், ஆய்வு நிதியைத் தம் திட்டத்திலிருந்து ஒதுக்கித் தந்த மூத்த விரிவுரையாளர். அவர் வரைவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

புறத்தேர்வாளர் அமைதியாகத்தான் கேட்டார்: "இந்த மூன்றாமவர் என்ன செய்தார்?" நான் மனனம் செய்து வைத்திருந்த நான்கு நிபந்தனைகளை ஒப்பித்தேன். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்தவை அவை: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ பொருள்கோளிலோ கணிசமான பங்களிப்பு, வரைவை எழுதுதல் அல்லது ஆழ்ந்து திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரை முழுமைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் ஒருசேர நிறைவேற வேண்டும். நிதி பெற்றுத் தருவது மட்டும் ஒருவரைக் கட்டுரையாளர் ஆக்காது என்று அதே ஆவணம் சொல்வதை நானே சொல்லி முடித்த பிறகுதான், என் வாயாலேயே என் கட்டுரையைக் குற்றம் சாட்டிவிட்டேன் என்பது புரிந்தது.

அடுத்த கேள்வி டீச்சரைப் பற்றியது. அவர் வரைவைத் திருத்தவில்லை, இறுதி ஒப்புதலும் தரவில்லை, ஆகவே இரண்டாம், மூன்றாம் நிபந்தனைகள் பொருந்தவில்லை என்றேன். "வரைவை அவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டார். இல்லை.

நீங்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் கொள்ளாவிட்டாலும் இதைக் கொள்ளுங்கள். முதல் நிபந்தனையை நிறைவு செய்த ஒருவருக்கு வரைவைத் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு அந்த நிபந்தனைகளையே காட்டி அவரை விலக்கக் கூடாது என்று அந்தக் குழு தெளிவாக எழுதியிருக்கிறது. எல்லாரும் நான்கு நிபந்தனைகளைப் படிக்கிறார்கள். அவற்றை அடுத்து வரும் இந்தப் பத்தியைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். நானும் தாண்டியவள்தான்.

நான்காவது நிபந்தனை 2013இல்தான் சேர்க்கப்பட்டது. அதன் எடை என்ன என்று கேட்டால் 2020 ஜூன் 4ஐச் சொல்லுங்கள். சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் தரவை வைத்து எழுதப்பட்ட இரு கொரோனா கட்டுரைகள், லான்செட்டிலிருந்தும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழிலிருந்தும் அன்று ஒரே நாளில் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெயர் போட்டிருந்த, அந்நிறுவனத்தைச் சாராத மற்றவர்களால் மூலத் தரவைப் பார்க்கவே இயலவில்லை. பார்க்காத தரவுக்கு எவ்வாறு பொறுப்பேற்பது?

திருத்தக் காலத்தின் பெரும்பகுதி கடிதம் எழுதுவதில் கழிந்தது. 1997இல் தொடங்கப்பட்ட வெளியீட்டு நெறிமுறைக் குழு, சுருக்கமாக 'கோப்', இத்தகைய சிக்கல்களுக்குப் படிப்படியான வரைபடங்களை வைத்திருக்கிறது. வெளிவந்த கட்டுரையில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ கட்டுரையாளர் அனைவரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. பூசல் எழுந்தால் இதழாசிரியர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஆய்வு நடந்த நிறுவனம்தான் விசாரிக்க வேண்டும். டீச்சரின் பெயரைச் சேர்க்க எல்லாரும் இசைந்தார்கள். தம் பெயரை நீக்க அந்த மூத்தவர் இசையவில்லை. விசாரணை கேட்கும் துணிவோ நேரமோ எனக்கு அப்போது இல்லை. அவர் பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. இது எனக்கு வருத்தம்தான்.

இனி களப்பணி முதல் வைவா வரை செய்ய வேண்டியவை. நேரில் கேட்கத் தயங்கும் இயல்புடையவள் நான் என்பதால் எல்லாவற்றையும் எழுத்திலேயே செய்யச் சொல்கிறேன்.

- களப்பணி தொடங்கும் நாளிலேயே யார் எதைச் செய்வார் என்று ஒரு மின்னஞ்சல் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். யார் எந்த வகையில் பங்களித்தார் என்பதைக் குறிக்கும் கிரெடிட் என்ற வகைப்பாட்டின் 14 பங்களிப்புகளை அதற்குச் சட்டகமாக வைத்துக்கொள்ளலாம்.
- அரசாங்க கிளினிக்கில் தரவு திரட்டியிருந்தால், சுகாதார அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழு தந்த ஒப்புதல் எண் ஏட்டிலும் கட்டுரையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.
- மேற்கோள் பட்டியல் முழுவதையும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் (திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பட்டியல்) சரிபாருங்கள். 2023 முதல் அதன் முழுத் தரவும் எல்லாருக்கும் இலவசம்.
- ஒரே தரவிலிருந்து இரண்டு கட்டுரைகள் எழுதியிருந்தால், இரண்டாவதில் முதலாவதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். டர்னிட்டின் என்ற ஒப்புமை காணும் மென்பொருள் காட்டும் விழுக்காடு குறைவாக இருப்பது இதற்கு விடையாகாது.
- செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று எழுதுங்கள். அதைக் கட்டுரையாளராகச் சேர்க்க முடியாது. பொறுப்பேற்க அதனால் இயலாது.

பட்டத்துக்கு வேண்டிய வெளியீட்டு எண்ணிக்கை நெருக்கும்போது, பணம் கட்டினால் ஸ்கோப்பஸ் (ஆய்விதழ்களின் பன்னாட்டுத் தரவுத்தளம்) உறுதி என்ற வாட்ஸ்அப் செய்திகள் உங்களுக்கும் வரும். இதழின் இணையப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பாதீர்கள். ஸ்கோப்பஸின் சொந்தப் பட்டியலிலேயே தேடி, அந்த இதழைச் சேர்ப்பது இடையில் நிறுத்தப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, விலகி நில்லுங்கள்.

ஒப்புதல் கேட்டு டீச்சரின் வீட்டுக்குப் போனபோது, அச்சான கட்டுரையை முதன்முறையாக அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, நேரே பின்னிணைப்பைத் திறந்து வினாப்படிவத்தை வரி வரியாகப் படித்தார். "இது பழசு இல்லையாம்மா?" என்றார். அவர் திருத்திய நான்கு கேள்விகளும் அதில் இல்லை. முன்னோட்டத்துக்கு முந்தைய கோப்பை நான் தவறுதலாக இணைத்திருந்தேன். மேற்பார்வையாளரோ இதழின் மதிப்பாய்வாளர்களோ, தமிழ் படிக்கத் தெரியாததால், அதைக் கண்டிருக்க வழியில்லை. அந்தப் படிவத்தை எடுத்து வேறு யாரேனும் ஆய்வு செய்திருந்தால், பாட்டிகள் மீண்டும் குளிப்பதைப் பற்றித்தான் பதில் சொல்லியிருப்பார்கள். இதழ் வெளியிட்ட திருத்த அறிவிப்பில் இப்போது இரண்டு செய்திகள் உள்ளன: நான்காவது கட்டுரையாளரின் பெயர் சேர்க்கப்படுகிறது, பின்னிணைப்பு மாற்றப்படுகிறது.