சீகாரப் பூங்குருவியும் அதன் சிலோன் தங்கையும்

செலவுக் கணக்கை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை, இலங்கையில் பார்த்த அரெங்கா என்கிற பூங்குருவி கண்ணிலேயே நிற்கிறது.

நுவரெலியாவிலிருந்து ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்கு விடியற்காலை நாலரைக்கு வேன். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துத்தான் முந்தின நாள் பேசினோம். திரும்பி வந்து இறங்கியதும் "வெயிட்டிங் தனி அண்ணே" என்றார் டிரைவர். பேசியதில் ஒன்றரை மடங்கு! வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமும் தனி. பக்கத்தில் உள்ளூர்க்காரர் கொடுப்பதை எட்டிப் பார்க்காதீர்கள், வயிறு எரியும்.

2100 மீட்டர் உயரம், ஜனவரி மாதம். அரெங்கா குளத்தோரம் பைனாகுலர் பிடித்த விரல்கள் மரத்துவிட்டன. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று காதைக் குத்துகிற மாதிரி ஒரு கீச்சு. நீரோரப் பாறையில் பழுப்புக் குருவி, தோளில் மட்டும் பேனா மை சிந்தின மாதிரி நீலம். பெட்டை! பின்னாலேயே ஆண் வந்தது. உடம்பெல்லாம் கருநீலம், தோளில் பளபளப்பு, அலகில் குட்டித் தவளை. குளிராவது ஒன்றாவது!

வால்பாறையில் நம் சீகாரப் பூங்குருவியைப் பார்த்துப் பழகிய எனக்கு இது சின்னதாகத் தெரிந்தது. அது 25 செ.மீ., இது 20 தான். நம்மூரில் ஆணும் பெண்ணும் ஒரே நீலம், எது எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இங்கே அந்தக் குழப்பமே இல்லை. (இரண்டையும் இப்போது ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு என்றும் பூங்குருவிதான்.)

பாட்டு என்று வந்தால் நம்முடையதுதான். மழைக்காலத்தில் விடியுமுன், ஓடைப் பக்கம் வேலைவெட்டியில்லாத பையன் மெட்டு மறந்து சீட்டியடித்துக்கொண்டு போவது போல இருக்கும். வீட்டு இறவாணத்தில்கூடக் கூடு வைக்கும். அரெங்கா அப்படி ஊருக்குள் வந்து பழகுகிற ஜாதி இல்லை. இலங்கை மலைக்காட்டு ஓடைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அங்கேயும் அருகிவருகிறது.

திரும்பும் வழியில் பட்டிப்பொல கடையில் தேங்காய் ரொட்டி, சம்பல், பிளேன் டீ. "இன்னொண்ணு போடவா தம்பி?" என்று அக்கா கேட்டுக் கேட்டு நாலு ஆகிவிட்டது. இந்தப் பயணத்தில் நியாயமான விலை அது ஒன்றுதான்.

வேன் பேசும்போது காத்திருப்பையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஜூனில் வால்பாறை போகிறேன், பஸ் டிக்கெட் செலவு மட்டும்.