அந்தக் கால வண்டிக்கு அது சரிதாங்க

கோவை மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு கார் பட்டறையில் வேலை செய்கிறேன். ஸ்பேனர் பிடித்துத் தொழில் பழகியவன். இப்போது வண்டியை வாங்கிப் பார்த்து, ஓனரிடம் பேசி, ஜாப் கார்டு எழுதுவது என் பொறுப்பு. கோளாறைக் கண்டுபிடிப்பதைவிட, அது ஏன் வந்தது என்று ஓனருக்குப் புரியவைப்பதுதான் இங்கே கடினம். வண்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்களைவிட, அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர்களிடம்தான் சில கோளாறுகளை அதிகம் பார்க்கிறேன். அப்பா சொன்னதை, வீட்டில் இருந்த பழைய டிரைவர் சொன்னதைத் தவறாமல் கடைப்பிடித்து வருவார்கள். வண்டி மட்டும் மாறிவிட்டது.

முதலில் கூலண்ட், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். "எங்கப்பா அம்பாசடர் வெச்சிருந்த காலத்துல இருந்து ரேடியேட்டருக்குத் தண்ணிதானுங்க தம்பி ஊத்தறோம். நம்மூர்ல என்ன பனியா கொட்டுது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை. நமக்கு அது தேவையில்லை. அதன் கொதிநிலை தண்ணீரைவிடச் சற்று அதிகம். அது கொஞ்சம் உதவும். ஆனால் நம்மூருக்கு முக்கியமானது வேறு. இன்றைய எஞ்சின்களில் ஹெட் என்கிற மேல்பாகம் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம். சில வண்டிகளில் அதன் கீழே இருக்கும் பிளாக் மட்டும் வார்ப்பிரும்பு. இத்தனை உலோகமும் ஒரே தண்ணீரில் ஊறும்போது அரிப்பு வராமல் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் கலந்திருக்கிறது. அம்பாசடரின் பிளாக்கும் ஹெட்டும் கனமான இரும்பு. ரேடியேட்டர் பித்தளை, அடைத்தால் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்து மாட்டிவிடலாம். அந்த வண்டி தண்ணீரைத் தாங்கியது.

அந்தப் பெரியவர் வண்டியின் கீழ்க்குழாயைக் கழற்றியபோது காவி நிறத்தில் தண்ணீர் வந்தது. வாட்டர் பம்பை வெளியே எடுத்தோம். உள்ளே சுழலும் இறக்கைகளின் விளிம்பு அரித்துப்போய், சில இடங்களில் விரல் நகம் அளவுக்குக்கூட மீதமில்லை. போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து பாதியை அடைத்திருந்தது. "சிறுவாணித் தண்ணி ஊத்தியிருந்தா தப்பிச்சிருக்குமோ?" என்றார். உப்பு குறைந்திருக்கும், அரிப்பு நின்றிருக்காது. சூடு ஏறி ஹெட் வளைந்துவிட்டதால் லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்து மட்டமாக்கி, புது கேஸ்கட் போட்டு அனுப்பினோம். அந்தச் செலவில் பல வருஷத்துக்கான கூலண்ட் வாங்கியிருக்கலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று தெர்மோஸ்டாட், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. "அந்த வால்வைக் கழட்டி வீசிட்டா வண்டி ஹீட்டே ஆகாது" என்று இன்றும் சில மெக்கானிக்குகளே சொல்கிறார்கள். பழைய வண்டியில் அது மூடியபடி சிக்கிக்கொள்ளும், மாற்றுப் பொருள் உடனே கிடைக்காது, எனவே நடு ரோட்டில் நிற்பதைவிடக் கழற்றுவது மேல் என்று பழகியது. இன்றைய எஞ்சினில் அது 80 டிகிரியைத் தாண்டிய பிறகு திறந்து, எஞ்சினை ஒரே சூட்டில் வைக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறைகிறது என்று வரும் வண்டிகளில் இதையும் நான் முதலிலேயே பார்த்துவிடுவேன்.

நான் மிகவும் கவலைப்படுவது ஊட்டி மலையிலிருந்து நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தைப் பற்றி. நாங்கள் இருக்கும் சாலைதான் மலைக்குப் போகும் சாலை என்பதால், ஞாயிற்றுக்கிழமை இறங்கியவர்கள் திங்கள் காலையில் எங்கள் வாசலில் நிற்பார்கள். "பிரேக் அடிச்சா பெடல் உள்ள போகுதுங்க, இப்ப சரியாயிடுச்சு, ஆனாலும் ஒருக்கா பாத்துடுங்க" என்பார்கள். சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கும், பேட் ஓரத்தில் பொடிந்திருக்கும். குன்னூரைத் தாண்டியதும் நியூட்ரலில் போட்டு, கல்லாறு வரை பிரேக்கை மிதித்தபடியே வந்திருப்பார்கள். பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை.

பழைய கார்புரேட்டர் வண்டியில் அது ஓரளவு உண்மை. கியரில் இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுழன்று, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் கொடுக்கும் இன்றைய வண்டியில், கதை தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் ஒரு வேகத்துக்கு மேல் சுழலும்வரை கம்ப்யூட்டர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அறவே மூடிவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. பெட்ரோல் செலவே இல்லை. நியூட்ரலுக்குப் போனால் எஞ்சின் அணையாமல் இருக்க மறுபடி பெட்ரோல் போக வேண்டும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்துகொண்டு வருகிறார்கள். இதை வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. மைலேஜ் மீட்டர் உள்ள வண்டி என்றால், அடுத்த தடவை கியரில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவரை அந்த மீட்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன்.

பணத்தைவிடப் பெரியது உயிர். எஞ்சினின் பிடிமானம் இல்லாமல் மொத்த எடையும் பிரேக்கின் மேல் விழுகிறது. பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழசானால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி. ஆவியை அழுத்தினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. கீழே வந்து ஆறியதும் பெடல் பழையபடி நின்றுவிடும். அதனால்தான் "இப்ப சரியாயிடுச்சு" என்கிறார்கள். ஆயில் குறையவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கருகும் வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும், விரிசலும் விடும்.

எஞ்சின் ஆயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டீசல் வண்டியில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். "ஏமாத்திப் பழைய ஆயிலையே ஊத்திட்டீங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. புகைக்கரியைப் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்வது அந்த ஆயிலின் வேலை. கறுத்தது வேலை செய்கிறது என்று பொருள். கெட்டியான ஆயில்தான் எஞ்சினுக்கு நல்லது என்பதும் பழைய எஞ்சினின் பாடம். 20டபிள்யூ-40 என்ற கெட்டி ஆயில் கேட்ட வண்டிகள் இருந்தன. இன்று 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் வண்டியில் அதை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் குறுகலான வழிகளில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். காலையில் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்துச் சூடாக்குவதும் சோக் இழுத்து ஓட்டிய காலத்துப் பழக்கம். அரை நிமிஷம் போதும். அப்புறம் மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும்.

இதையெல்லாம் சொல்லும்போது "உங்களுக்குத் தெரியல" என்று நான் ஆரம்பிப்பதில்லை. "அந்த வண்டிக்கு நீங்க செஞ்சது சரிதாங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். அது உண்மையும்கூட. கழற்றிய பொருளைக் கையில் கொடுத்துவிடுவேன். அரித்துப்போன பம்பைத் தடவிப் பார்த்த பிறகு வாதாடுபவர்கள் குறைவு. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து, ஆயில் அளவும் காற்றழுத்தமும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மடித்தும் தருகிறேன். பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் டேஷ்போர்டில் கிடக்கிறது.

இப்போது புதிதாக ஒன்று பரவி வருகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் வாங்கிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். "சென்சார் கோளாறு, பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டு, போயிடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கழற்றி மாட்டினாலும் கரி அங்கேயேதான் இருக்கும். டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால், நீலாம்பூர் பைபாஸில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஒரு இருபது நிமிஷம் ஓட்டுங்கள். உங்கள் வண்டிக்கான சரியான வேகம் கையேட்டில் இருக்கும். உள்ளே சூடேறிக் கரி எரிந்து விளக்கு தானாக அணையும். அப்படியும் அணையவில்லை, கூடவே எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிகிறது என்றால் அன்றே பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.