ஹிட்ச் இருந்தால் மட்டும் போதாது: ட்ரெய்லர் இழுக்கப் பழைய எஸ்யூவி வாங்கிய அனுபவம்

"டோ பேக்கேஜ் உண்டு, 5,000 பவுண்ட் இழுக்கும்" என்ற விளம்பரத்தை நம்பி ஒன்ராறியோவில் ஓஷாவா தாண்டிப் போய் வெறுங்கையோடு திரும்பிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வண்டி 2016 ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர், 3.5 லிட்டர் வி6. பின்னால், ட்ரெய்லரைக் கொளுவும் ஹிட்சின் 2 அங்குல ரிசீவர் (சதுரக் குழாய்) புதுசாகப் பளபளத்தது. குனிந்து கீழே பார்த்தால் 4 பின் தட்டை வயர் ஒன்று தொங்குகிறது. பின்விளக்கு வயரைக் குத்தி எடுத்து, மேலே கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். விற்பனையாளரைக் கேட்டால், "அண்ணை, ஹிட்ச் இருக்குத்தானே, தாராளமா இழுக்கும்" என்கிறார்.

இழுக்காது. அந்த வி6 தொழிற்சாலையிலிருந்தே கிளாஸ் 3 டோ பேக்கேஜோடு வந்திருந்தால்தான் 5,000 பவுண்ட். இல்லாவிட்டால் 2,000 மட்டும்தான். பேக்கேஜில் ரிசீவரோடு என்ஜின் ஆயில் கூலரும் 7 பின் வயரிங்கும், பாரம் இழுக்கும்போது கியர் மாறும் விதத்தைச் சரிசெய்யும் டோ/ஹால் மோடும் சேர்ந்து வரும். கராஜில் ஹிட்ச் பூட்டுவது அரை நாள் வேலை. ஆனால் அதைப் பூட்டியதால் மற்றவை எதுவும் வண்டிக்குள் வந்துவிடாது. 4 பின் இணைப்பில் விளக்குக்கு மட்டுமே வழி உண்டு, ட்ரெய்லர் பிரேக்குக்கு வயர் கிடையாது. ஒன்ராறியோவில் மொத்த நிறை 1,360 கிலோவைத் தொட்டாலே ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். குடும்பத்தோடு படுத்து எழும்பக்கூடிய ட்ரெய்லர் எதுவும் அதற்குக் கீழே வருவது அபூர்வம்.

மற்ற வண்டிகளிலும் இதே சிக்கல்தான். 2018க்குப் பிந்திய செவ்ரோலெட் டிராவர்ஸில் V92 என்ற குறியீடு இருந்தால் 5,000, இல்லாவிட்டால் 1,500. 2016 முதல் 2022 வரையான ஹோண்டா பைலட்டில் நான்கு சக்கர இழுவைக்கு 5,000, முன்சக்கர இழுவைக்கு 3,500. நிசான் பாத்ஃபைண்டர் 2017 முதல் 2020 வரை 6,000. ஆனால் உள்ளே இருப்பது கியர் படிகள் இல்லாத சிவிடி கியர்பாக்ஸ், வெயில் நாளில் நீண்ட ஏற்றத்தில் அதை நம்பிப் பெரிய ட்ரெய்லரைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

விளம்பரத்தை விட்டுவிட்டு VIN எண்ணை (வண்டியின் தனி அடையாள எண்) கேளுங்கள். அந்தக் கம்பனி டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் கொடுத்தால், வண்டி எந்தெந்த ஆப்ஷனோடு வெளிவந்தது என்ற பட்டியலை எடுக்கலாம். ஒரு கவுண்டரில் "இங்கே வாங்கின வண்டிக்குத்தான் தருவோம்" என்று முகம் கொடுக்காமல் அனுப்பினார்கள். அதே கம்பனியின் இன்னொரு டீலரிடம் கேட்டதும் அச்சடித்துக் கையில் தந்தார்கள். ஒரு இடத்தில் மறுத்தால் சோர்ந்துவிடாதீர்கள்.

இனி, இந்த விஷயத்திலேயே முக்கியமானது. இழுவை எண்ணுக்கு முதல் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் டயர் ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். அதுதான் பேலோட். ட்ரெய்லரின் நாக்கு (முன்னே நீளும் இணைப்புக் கம்பம்) ஹிட்சில் அழுத்தும் பாரமும் இந்தக் கணக்கில்தான் விழும். பல விற்பனையாளர்களுக்கே இது தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வதில்லை. புரோஷர் எண்ணுக்கு அடிப்படையான SAE J2807 என்ற தர விதிச் சோதனையில் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும், ஆளுக்கு 150 பவுண்ட் என்றுதான் கணக்கு. பின் சீட்டில் பிள்ளைகள் இல்லை, டிக்கியில் கூலர் பெட்டி இல்லை.

எங்கள் கணக்கு இது. ட்ரெய்லரின் வெறும் நிறை 3,700 பவுண்ட். அதில் பெரும்பாலும் பற்றரியும் புரொப்பேனும் சேர்த்தி இல்லை. ஒரு 20 பவுண்ட் சிலிண்டர் நிரம்பினால் ஏறக்குறைய 37 பவுண்ட். தண்ணீர் ஒரு அமெரிக்க கலனுக்கு 8.3 பவுண்ட், பிறகு பாத்திரம், படுக்கை, சாப்பாடு. எல்லாம் ஏற்றினால் 4,500. நாக்குப் பாரம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 10க்குக் கீழே போனால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 13 சதவீதம் வைத்தால் 585 பவுண்ட். நாக்குப் பாரத்தை முன் அச்சுக்கும் பகிரும் ஹிட்ச் 80, ஐந்து பேர் 590, வண்டிக்குள் சாமான் 150. கூட்டினால் 1,405. பார்த்த நடுத்தர எஸ்யூவி ஒன்றின் ஸ்டிக்கரில் இருந்தது 1,240. இழுவை எண் 5,000 என்று இருந்தும் அந்த வண்டி எங்களுக்கு உதவாது. ஒரே மாடலில்கூட சன்ரூஃப், பெரிய ரிம், நான்கு சக்கர இழுவை எல்லாம் கூடக் கூடப் பேலோட் குறையும். ஆகவே இணையத்தில் பார்த்த எண்ணை வைத்து முடிவெடுக்காமல், அந்த வண்டியின் ஸ்டிக்கரையே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் பெட்ரோல் செலவழித்துப் போகத் தேவையில்லை.

ஸ்டிக்கரே இல்லாத வண்டியும் வரும். ஒன்றில் தூணுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. கார்ஃபாக்ஸ் என்ற வண்டி வரலாற்று அறிக்கையை எடுத்தால் பக்கவாட்டில் அடிபட்ட பதிவு. விட்டுவிட்டோம்.

கடைசியில் எடுத்தது 2016 செவ்ரோலெட் டாஹோ, 5.3 லிட்டர் வி8. ஸ்டிக்கரில் 1,620 பவுண்ட், எங்கள் 1,405க்கு மேல் மூச்சுவிட இடம் இருந்தது. அந்த வருட ஜிஎம் வண்டிகளில் குளோவ் பாக்ஸுக்குள் குறியீட்டு ஸ்டிக்கர் இருக்கும். NHT என்றால் மேக்ஸ் டிரெய்லரிங் பேக்கேஜ், GU6 என்றால் 3.42 பின் அச்சு விகிதம், JL1 என்றால் உள்ளேயே பொருத்திய பிரேக் கன்ட்ரோலர். GU4 என்று இருந்தால் அது 3.08, வெளியே பார்க்க ஒரே வண்டி, இழுவையில் ஏறக்குறைய 2,000 பவுண்ட் வித்தியாசம்.

இந்த வி8இல் பாதி சிலிண்டர்களை நிறுத்தி எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ஏஎஃப்எம் உண்டு; அதன் லிஃப்டர்கள் (வால்வுகளைத் தூக்கும் பாகங்கள்) பழுதாவது தெரிந்த வியாதி. ஆகவே என்ஜின் நன்றாக ஆறிய பிறகே ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். நாங்கள் போகும்போது ஒரு வண்டியை ஏற்கனவே சூடாக்கி வைத்திருந்தார்கள், பார்க்காமலே திரும்பினோம். டிக் டிக் சத்தம் நிற்காமல் வந்தால் பேரம் பேசவும் வேண்டாம்.

கியர் ஆயிலை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும், ஏனென்றால் இப்போது பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இல்லை. சிவப்பாக இருந்தால் நல்லது, கறுத்துக் கருகல் மணம் அடித்தால் முன்னவர் கூலர் இல்லாமல் பாரம் இழுத்திருக்கலாம். அதே நேரத்தில் ஃபிரேம், பிரேக் குழாய், ரிசீவர் பூட்டிய இடம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வீதி உப்பு அங்கேதான் தின்னும். 7 பின் சாக்கெட்டின் மூடியைத் திறங்கள். எங்கள் வண்டியில் பித்தளை பச்சையாகப் பூத்து, 12 வோல்ட் பின்னில் மின்சாரமே வரவில்லை. டெஸ்டரை வைத்து அதைக் காட்டியதும் விலை குறைந்தது, புதுச் சாக்கெட் போட்டதும் எல்லாம் வேலை செய்தது.

வண்டி வீதிக்குத் தகுதி என்று சொல்லும் ஸேஃப்ட்டி சான்றிதழ் 36 நாள் செல்லும். ஆனால் கியர்பாக்ஸின் ஆரோக்கியத்துக்கு அது சாட்சி இல்லை. பேப்பர் வேலைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. தனியாரிடம் வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 13 சதவீத வரி, கொடுத்த விலை, பழைய வண்டிகளின் மதிப்புப் பட்டியலான ரெட் புக்கில் உள்ள மதிப்பு, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான்.

ட்ரெய்லரைக் கட்டியதும் 401 நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் ஸ்டாப் ஒன்றில் உள்ள கேட் ஸ்கேல் என்ற வண்டி எடை மேடைக்குக் கட்டாயம் போங்கள். மூன்று தடவை எடை பாருங்கள்: குடும்பத்தோடு வண்டி மட்டும், பிறகு ட்ரெய்லரோடு பாரம் பகிரும் கம்பிகள் தளர்வாக, பிறகு கம்பிகள் இறுக்கி. ட்ரெய்லரைக் கட்டியதும் எங்கள் முன் அச்சின் பாரம் 2,900 பவுண்டிலிருந்து 2,620க்கு இறங்கியது. அந்த நிலையில் ஓட்டினால் ஸ்டியரிங் லேசாகிவிடும். கம்பி இறுக்கியதும் 2,720. ஹிட்ச் தலையில் ஒரு வாஷர் கூட்டிச் சாய்த்ததும் 2,800. எவ்வளவுக்கு மீட்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடை பார்த்தால் கட்டணம் குறைவு, அதனால் ஹிட்ச் போல்ட்டுக்கான பெரிய ஸ்பேனரையும் டார்க் ரெஞ்சையும் கையோடு கொண்டு போங்கள்.