பனியும் இல்லை, ஆலியும் இல்லை

எங்கள் பள்ளி ஆசிரியர், நாங்கள் ‘சேர்’ என்றே அழைத்தவர், காலமான செய்தி தை மாதம் ரொறன்ரோவுக்கு வந்தது. மூன்றாம் பாடவேளையையும் வெண்கட்டி எறியையும் பற்றி இந்த நினைவு மலரில் பலர் எழுதுவார்கள். அவர் பழக்கிவிட்ட ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார், பிறகு சொல்லைப் பிரி, அதன் பிறகு பக்கத்து மொழிக்காரனைக் கேள்.

கொப்பியில் ‘ஆலங்கட்டி: பனிமழை’ என்று எழுதிய வகுப்பு முழுவதையும் எழுப்பி நிறுத்தினார். “வானத்திலை இருந்து குளிரா விழுகிறதெல்லாத்துக்கும் ஒரே பேரோ?” ஆலம் என்றால் நீர், அதன் கட்டி ஆலங்கட்டி. அதே பொருளில் ஆலி சங்கப் பாட்டிலேயே உண்டு. பனியோ முதலில் எங்கள் மார்கழி விடியலின் ஈரம். மணி அடித்த பிறகும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

இங்கே குளிர்காலத்தில் விழும் கிராப்பல் (graupel) என்ற மென்மையான பனிமணியை அவருடைய முறைப்படியே பார்க்கலாம். உள்ளங்கையில் ஏந்தினால் சூட்டில் கரைந்துவிடும். கறுப்புக் கம்பளிக் கோட்டின் கையில் விழவிட வேண்டும். 2 முதல் 5 மில்லிமீற்றர் வரையான வெள்ளை மணிகள். ஊறப்போடாத சவ்வரிசி என்றே சொல்லத் தோன்றும். விரலால் அழுத்தினால் நசியும். மேகத்தில் சுழியத்துக்குக் கீழேயும் உறையாமல் நிற்கும் நுண்துளிகள், விழும் பனிப்பளிங்கில் பட்ட கணமே உறைந்து ஒட்டுகின்றன. இடையில் காற்று அகப்படுவதால்தான் அந்த வெண்மையும் மென்மையும். பளிங்கின் கிளைகள் இன்னும் தெரிந்தால் அது கிராப்பல் ஆகவில்லை, துளி ஒட்டிய பனிதான்.

அடுத்தது சொல். ஜெர்மன் மொழியில் கிரௌப்ப என்றால் உமி நீக்கிய பார்லி மணி. அதன் சிறுமைப் பெயர் கிரௌப்பல். அந்தக் கிரௌப்பவும் ஸ்லாவிய ‘குருப்பா’விலிருந்து வந்திருக்க வேண்டும் என்பர். ரஷ்யர்களுக்கு இன்றும் குருப்பா என்றால் கஞ்சிக்கான தானியம். இந்த மணிகள் ‘பனிக் குருப்பா’. செக் மொழியில் பார்லிக்கும் ஆலங்கட்டிக்கும் ‘குரோப்பி’ என்ற ஒரே சொல். ஜப்பானியரோ அரிசிப் பலகாரம் ஒன்றுக்கு இந்த மணியின் பெயரையே, ‘அராரே’ என்று, வைத்துவிட்டார்கள். எந்த ஊரிலும் கண் முதலில் சமையலறைக்குத்தான் போயிருக்கிறது. கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர் மட்டும் ‘உருட்டிய பனி’ என்கிறார்கள், அதுவும் அழகுதான்.

‘ஸ்லீட்’ என்ற சொல்லில்தான் எங்கள் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். பிரித்தானியாவில் அது மழையும் பனியும் கலந்து விழுவது. அமெரிக்காவில் நசியாத, கண்ணாடி போன்ற பனிக்கட்டி மணி. தரையில் பட்டுத் துள்ளும், ஜன்னலில் சடசடக்கும். மேலே ஒரு வெப்பக் காற்றுப் படையில் உருகிய பனி, கீழே தடித்த குளிர்காற்றுப் படையில் மறுபடி உறைந்தால் அது கிடைக்கும். கீழ்ப் படை மெல்லியதாக இருந்தால் துளி வழியில் உறையாது. வீதியிலும் மின்கம்பியிலும் பட்டுத்தான் உறையும். 1998 தையில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் மின்கோபுரங்களை மடக்கிச் சாய்த்தது அந்த உறைமழைதான். இலண்டனிலிருந்து உறவினர் ‘ஸ்லீட்’ என்றால் குடையோடு போகலாம். அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து சொன்னால் உப்புப் போட்டுவிட்டே படியில் கால் வைக்க வேண்டும்.

இவ்வளவும் விழும் ஊரில் எங்கள் வீடுகளில் எல்லாமே ‘சினோ’ (snow). கிராப்பலுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று, சேர் இருந்த காலத்தில், எங்களில் ஒருவரும் ஒரு கடிதம் போட்டுக் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் வந்துவிட்டோம். ‘சவ்வரிசி ஆலி’ என்று எழுதியிருந்தால் சிவப்பு மையில் திருத்தியிருப்பார்: “ஆலி கெட்டி. இது நசியுதெல்லோ?”