83 நாள் கணக்கு

இந்தியாவில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் என்னிடம் மாடுகள் ஒவ்வொன்றாகவே வந்தன. கயிற்றைப் பிடித்தபடி உரிமையாளர் நிற்பார். மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்பார். கையுறையை மாட்டிக்கொண்டு, மலக்குடல் வழியாகக் கருப்பையையும் சினைப்பைகளையும் தடவிப் பார்த்து, அந்த ஒரு மாட்டின் குறை எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். நியூசிலாந்தில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பண்ணை விலங்குகளின் இனப்பெருக்கவியலைக் கற்பிக்க வந்த பிறகு, மாணவர்களுடன் முதன்முதலாகப் போன பண்ணையில் 400க்கும் மேற்பட்ட கறவை மாடுகள் வரிசையில் நின்றன. அந்த நாட்டில் அது சராசரி மந்தைதான். பண்ணைக்காரர் எந்த மாட்டைப் பற்றியும் தனியாகக் கேட்கவில்லை. கருவூட்டல் தொடங்கி ஆறு வாரத்துக்குள் மந்தையில் நூற்றுக்கு எத்தனை மாடுகள் சினையாகும் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது புல். அங்கே பெரும்பாலான மந்தைகள் மேய்ச்சலை நம்பியே பால் கறக்கின்றன. ஆகவே வசந்தத்தில் புல் பொங்கி வளரும்போது பாலும் உச்சத்தில் இருக்கும்படி, ஜூலை இறுதியிலிருந்து சில வாரங்களுக்குள் மந்தை முழுவதும் ஈன்றுவிட வேண்டும். ஆண்டுதோறும் அதே வாரத்தில் ஈன வேண்டுமென்றால், ஏறத்தாழ 282 நாள் சினைக்காலத்தை 365இல் கழித்தபின் மாட்டுக்கு மிஞ்சுவது 83 நாட்கள். ஈன்ற கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வரவே ஐந்தாறு வாரங்கள் போய்விடும். எஞ்சிய நாட்களில், 21 நாளுக்கு ஒருமுறை வரும் சினைப்பருவம் இரண்டே முறைதான் கைக்குக் கிட்டும். ஆறு வாரத்துக்குள் 78 விழுக்காடு மாடுகள் சினையாக வேண்டும் என்பது அந்நாட்டுப் பால் தொழில் வைத்துக்கொண்ட இலக்கு. அதை எட்டுவது எளிதல்ல என்பதை எந்தப் பண்ணைக்காரரும் ஒப்புக்கொள்வார்.

முதல் பருவத்தில் நான் செய்த பிழை ஒன்றை இன்றும் வகுப்பில் சொல்கிறேன். சினைப்பருவத்துக்கே வராத சில இளம் மாடுகளைப் பரிசோதித்துவிட்டு, பழைய வழக்கப்படி, தீவனத்தைத் தேற்றி 21 நாள் கழித்து மறுபடி பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தேன். சக மருத்துவர் ஒருவர் மெல்லச் சிரித்தபடி, அந்த 21 நாளை இவற்றிடமிருந்து எடுத்துவிட்டால் இவற்றுக்கு என்ன மிச்சம் என்று கேட்டார். தாமதமாகச் சினையான மாடுகளுக்கு ஊசி போட்டு முன்கூட்டியே ஈனவைத்து, அவற்றை மந்தையோடு சேர்த்துவிடும் வழக்கம் முன்பு அங்கே இருந்தது. கன்றுகளின் நலனைக் கருதி அதை 2015இல் நிறுத்திவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு, கணக்குக்குள் வராத மாடு பெரும்பாலும் இறைச்சிக்கூடத்துக்குத்தான் போகும். ஒரு மாட்டைப் பல மாதங்கள் விடாமல் பார்த்து, கடைசியில் சினை பிடிக்கவைத்துப் பழகிய எனக்கு இதை ஏற்றுக்கொள்ளப் பல காலம் ஆயிற்று. முழுமையாக ஏற்றுக்கொண்டேனா என்பதும் ஐயமே.

கருவிகளும் இந்தக் கணக்கை ஒட்டியே அமைந்திருந்தன. வால் தொடங்கும் இடத்தில் பூசிய வண்ணம் அழிந்திருந்தால் அந்த மாட்டின்மீது மற்றொன்று ஏறியிருக்கிறது, அதாவது அது சினைப்பருவத்தில் இருக்கிறது என்று பொருள். அன்று காலையே கருவூட்டிவிடுவார்கள். பருவத்துக்கு வராதவற்றுக்கு யோனிக்குள் வைக்கும், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை மெல்லக் கசியவிடும் சிடர் என்ற கருவி அந்நாட்டிலேயே உருவானது. என்னை மிகவும் வியக்கவைத்தது, கருவூட்டலுக்கான விந்தை அடைத்துவைக்கும் விந்துக் குச்சி. நான் பழகிய உறைவிந்துக் குச்சி ஒன்றில் ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி வரை விந்தணுக்கள் இருக்கும். அங்கே காப்ரோஜன் என்ற கரைசலில், உறையவைக்காமல், சாதாரண வெப்பநிலையிலேயே சில நாட்கள் வைத்துப் பயன்படுத்தும் குச்சியில் சுமார் 20 லட்சம் போதும். நாடு முழுவதும் ஒரே சில வாரங்களில் கருவூட்டல் நடப்பதால், சிறந்த பொலிகாளை ஒன்றின் ஒரு நாள் விந்தைப் பல ஆயிரம் மாடுகளுக்குப் பங்கிட வேண்டிய தேவையே இந்த நுட்பத்தைக் கொண்டுவந்தது.

கற்பிப்பதிலும் நான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. 1999ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, ஆய்வுக்கு மட்டுமன்றிக் கற்பித்தலுக்கு விலங்குகளைப் பயன்படுத்தவும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுவில் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரும் உறுப்பினர்களும் இருப்பார்கள். ஒரு மாட்டை ஒரே வகுப்பில் எத்தனை மாணவர்கள் பரிசோதிக்கலாம், மலக்குடலில் இரத்தம் தென்பட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர்கள் கேட்டபோது முதலில் எனக்குச் சற்று எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன்: நான் மாணவனாக இருந்தபோது ஒரே எருமையைப் பத்துப் பேர் அடுத்தடுத்துப் பரிசோதித்தோம், அது முதுகை வளைத்து முக்கியதைக் கண்டும் எவரும் நிறுத்தவில்லை. இப்போது என் மாணவர்கள் முதலில் இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த கருப்பைகளைக் கண்ணை மூடித் தடவிப் பழகுகிறார்கள். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் எந்தப் பக்கச் சினைப்பையில் இருக்கிறது என்பதைச் சரியாகச் சொன்ன பிறகே உயிருள்ள மாட்டின் அருகே போகிறார்கள்.

என் ஆய்வு செம்மறிகளில். அங்கே அவற்றின் சினைப்பருவம் பகல் குறையத் தொடங்கிய பிறகுதான் வருகிறது; தென்கோளத்தில் அது மார்ச், ஏப்ரல் மாதங்கள். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும் ஆடுகளைப் பார்த்திருந்த நான், முதல் ஆண்டில் சோதனைக்கான தேதிகளை வடகோளப் பாடநூலைப் பார்த்து எழுதிவிட்டு அசடு வழிந்தேன். ஒரே ஈற்றில் பல குட்டிகள் ஈனும் மரபணுக்களைப் பற்றிப் படிக்கும்போது பூரூலா மெரினோ என்ற ஆஸ்திரேலியச் செம்மறியைத் தவிர்க்க முடியாது. அந்த ஆடுகளின் சினைமுட்டை எண்ணிக்கையைக் கூட்டும் மரபணு மாற்றம் எது என்பது 2001இல் தெரியவந்தது. அந்த மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தாலே, வெளியேறும் முட்டைகளின் எண்ணிக்கை சராசரியாக ஒன்று, ஒன்றரை கூடும். அதே மாற்றம் வங்காளத்தின் சதுப்பு நிலங்களில் மேயும் சிறிய கரோல் ஆடுகளிலும் இருக்கிறது. 1790களில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகள் வழியாகவே அது மெரினோவுக்குள் வந்ததாகக் கருதுகிறார்கள்.

இதை வகுப்பில் சொன்ன நாளில் முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, கரோல் ஆட்டின் சினைப்பை எவ்வளவு பெரிது, நீங்கள் பரிசோதித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அந்த ஆடு மேயும் நாட்டில் அத்தனை ஆண்டுகள் மருத்துவம் பார்த்தும், நான் ஒரு கரோல் ஆட்டைத் தொட்டதுகூட இல்லை என்று அவளிடம் சொன்னேன்.