40° தெற்கில் நேர் கிழக்கே போனால் வழி நீளும்

தட்டையான வரைபடத்தில் அட்சக்கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே, நேர் கிழக்கே போவதுதான் குறுக்குவழி என்று மனதில் பதிந்துவிடுகிறது. உலக உருண்டை ஒன்றை எடுத்து, ஆப்பிரிக்காவின் தென்முனைக்குக் கீழே ஒரு விரல், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஒரு விரல் வைத்து, நடுவில் ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் 40° கோட்டில் நிற்காது. அண்டார்க்டிகா பக்கம் வழுக்கி இறங்கிவிடும்.

கணக்கிலேயே பார்த்துவிடலாம். புறப்படும் இடம் 40° தெற்கு, 20° கிழக்கு. சேரும் இடம் அதே 40° தெற்கு, 140° கிழக்கு. ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையே உள்ள கிங் தீவுக்கு மேற்கே நடுக்கடல். தீர்க்க வித்தியாசம் 120°. அட்சக்கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் 120 × 60 × காஸ் 40° = 5,515 கடல் மைல் (உருண்டையின் மையத்தில் ஒரு பாகைக் கோணம் என்றால் மேற்பரப்பில் 60 கடல் மைல்).

நூல் காட்டுவது பெருவட்டப் பாதை, அதாவது உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் மேல் போகும் மிகக் குறுகிய வழி. அதன் நீளத்துக்கு, இரண்டு அட்சங்களின் சைனையும் பெருக்கி, அதோடு இரண்டு அட்சங்களின் காஸ், தீர்க்க வித்தியாசத்தின் காஸ் மூன்றையும் பெருக்கியதைக் கூட்ட வேண்டும். 0.4132 + 0.5868 × (−0.5) = 0.1198. எந்தக் கோணத்தின் காஸ் இது? 83.12°. அறுபதால் பெருக்கினால் 4,987 கடல் மைல். 528 மைல் மிச்சம்! பலர் சறுக்குவது அந்தக் கழித்தல் குறியில்தான். தீர்க்க வித்தியாசம் 90°-ஐத் தாண்டினால் காஸ் எதிர்மறை. குறியை விட்டுவிட்டால் விடை சுமார் 2,700 மைல் என்று வரும். உருண்டையில் ஒருமுறை அளந்து பார்த்தாலே தவறு தெரிந்துவிடும்.

ஆனால் இந்த 4,987 மைல் வழியில் போவது ஆபத்து. பாதையின் நடுப்புள்ளி எங்கே? டேன் 40°-ஐ காஸ் 60°-ஆல் வகுத்தால் 1.678, அதாவது 59° 13′ தெற்கு. பனிப்பாறைகள் மிதக்கும் கடல் அது. அதனால் மாலுமிகள் செய்வது கூட்டுப்பாதை: இதற்கு மேல் தெற்கே இறங்கமாட்டேன் என்று ஓர் எல்லை அட்சம் வைத்துக்கொண்டு, அதைத் தொடும் வரை பெருவட்டம், பிறகு அந்தக் கோட்டின் மேலேயே கிழக்கே, கடைசியில் மறுபடி பெருவட்டத்தில் ஏறுவது.

எல்லை 50° என்று வைத்தால், முதல் துண்டு 1,977 மைல், அதில் 45.24° தீர்க்கம் கடந்துவிடும். கடைசித் துண்டும் அவ்வளவே. நடுவில் மிஞ்சுவது 29.5° தீர்க்கம், 50° கோட்டில் 1,138 மைல். மொத்தம் 5,093. பனியை ஒதுக்கியும் 422 மைல் லாபம். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

திசைகாட்டியில் இது எப்படித் தெரியும்? அட்சக்கோட்டில் போனால் மெய்த்திசை, அதாவது மெய்வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம், எப்போதும் 090°, நேர் கிழக்கு. முழுப் பெருவட்டம் 138°-இல் தொடங்கி, நடுவில் 090° ஆகி, 042°-இல் முடியும். மேலே செய்தது பூமியை முழு உருண்டையாக வைத்து. துருவங்கள் தட்டையானதைச் சேர்த்தால் அட்சக்கோட்டு வழி சுமார் 18 மைல் கூடும்.

பாய்க்கப்பல் மாலுமிகள் இவ்வளவு தெற்கே ஏன் இறங்கினார்கள் என்றால், காற்றுக்காக. இந்த அட்சங்களில் மேலைக்காற்றைத் தடுக்க நிலமே அரிது. 45° தெற்குக் கோடு முழுச் சுற்றிலும் தொடுவது சிலி, அர்ஜென்டினா, நியூசிலாந்து மட்டும். 1611-இல் டச்சு மாலுமி ஹென்ட்ரிக் பிரவர் நன்னம்பிக்கை முனையிலிருந்து இந்தக் காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடி, பிறகு வடக்கே திரும்பி ஜாவா சேர்ந்தார். சில ஆண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த வழியைக் கட்டாயமாக்கியது. எங்கே வடக்கே திரும்புவது என்பதுதான் சிக்கல். அட்சத்தைச் சூரியன் சொல்லிவிடும். தீர்க்கத்தைச் சொல்ல அன்று கருவி இல்லை. கிழக்கே எவ்வளவு வந்துவிட்டோம் என்று சரியாகத் தெரியாமல்தான் 1629-இல் பட்டாவியா என்ற கப்பல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரம் அப்ரோல்யோஸ் தீவுகளின் பவளப்பாறையில் மோதியது.

அட்சம் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். டிசம்பர் சங்கிராந்தியில் 45° தெற்கில் அடிவானத்திலிருந்து அதன் கோண உயரம் 68° 26′; ஜூனில் 21° 34′. கண் கடலுக்கு 4 மீட்டர் மேலே இருந்தால் அடிவானம் 3.5′ தாழ்ந்து தெரியும். அதைக் கழிக்க மறந்தால் உயரம் கூடுதலாகி, கப்பல் உண்மையில் இருப்பதைவிட மூன்றரை மைல் வடக்கே இருப்பதாகக் கணக்கு வரும்.